ஏ.சி. சேர்ந்து பாடிய பாட்டு

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். ஜாஸ் இசையைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால் ஒன்றுமில்லை; மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் என் சித்தியின் முதல் ஆல்பமான ஒரு கேசட்டில், கடைசிப் பாட்டின் நடுவில் ஓர் உறுமல் கேட்கும். அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. துபாயில், அல் குசைஸ் பகுதியில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தோம். அம்மாவின் தங்கை தூத்துக்குடியிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. ஆளுயர வயலின் மாதிரி நிற்கும் பேஸை அணைத்தபடி வாசிப்பாள், வாசித்துக்கொண்டே பாடுவாள். ஓர் ஓட்டல் மேலாளர் அவளுடைய பாட்டுகளைக் கேசட்டாகக் கேட்டிருந்தார். சனிக்கிழமை கொடுக்க வேண்டும். பிடித்தால் வேலையும் விசாவும். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் விமானம். ஊரில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஹாலே ஸ்டூடியோ ஆனது. மொத்தம் மூன்று பேர். சித்தி, பியானோவுக்கு ஒரு கோவாக்காரர், டிரம்ஸுக்கு ஒரு பிலிப்பினோ. அங்கே வெள்ளிதான் விடுமுறை என்பதால் அப்பாவும் அம்மாவும் சர்ச்சில் பூசைக்குக் கிளம்பினார்கள்.

"கோயிலுக்கு வராம என்னட்டி பாட்டு?" என்றாள் அம்மா.

"எனக்கும் சேத்து நீ முட்டி போட்டுட்டு வாக்கா."

ஆகஸ்ட் மாதம். ஆனால் ஜன்னல் ஏ.சி. ஓடினால் பதிவில் அந்தச் சத்தம்தான் முதலில் கேட்கும். ஃபிரிட்ஜும் முனகும். சித்தி இரண்டையும் நிறுத்திவிட்டு, என்னை சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிமேல் ஏற்றினாள்.

"ஏட்டி, பாட்டு முடிஞ்ச உடனே ஏ.சி.ய போட்டுரு. இல்லேன்னா நாங்க வெந்துருவோம். நான் கை காட்டுனா நிறுத்திரு. எல்லாம் முடிஞ்சப்புறம் ஃபிரிட்ஜயும் போடணும், என்ன?"

மூன்று பாட்டுகள் நன்றாகவே முடிந்தன. நான் போட்டேன், நிறுத்தினேன். நாலாவது, சித்தியே எழுதிய தமிழ்ப் பாட்டு. அதுதான் அடம்பிடித்தது. ஐந்து தடவை பாடி ஐந்து தடவையும் கெட்டது. பன்னிரண்டு மணிக்கு டிரம்ஸ்காரருக்கு ட்யூட்டி.

"லாஸ்ட், சிஸ்டர். தென் கலாஸ், ஃபினிஷ்" என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

ஆறாவது தடவை தொடங்கினார்கள். மூவருடைய சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு பிழையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சித்தி பாடுவதை நிறுத்தினாள். பியானோ நின்றது. டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று நான் பெருமையோடு சுவிட்சைப் போட்டேன்.

முடியவில்லை. அது சித்தி தனியாக வாசிக்க மற்றவர்கள் விட்டுக்கொடுத்த இடம். ஜாஸில் அப்படி ஓர் இடம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஏ.சி. உறுமியது. கோவாக்காரர் தலையில் கை வைத்தார். சித்தி மூடியிருந்த கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஆனால் கை நிற்கவில்லை. விரல் தந்தியில் மேலும் கீழும் எதையோ தேடியது. பிறகு ஏ.சி.யின் சுருதியையே பிடித்து, அதன்மேல் சாய்ந்துகொண்டு வாசித்தாள். அதே சுருதியில் வாயால் முனகவும் ஆரம்பித்தாள். மற்ற இருவரும் சத்தமில்லாமல் சிரித்தபடி சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்தபோது சித்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பூசை முடிந்து வந்து அம்மா கேசட்டைக் கேட்டாள்.

"என்னட்டி இது, பாட்டுக்குள்ள லாரி போவுது?"

"நாந்தான் போடச் சொன்னேன்" என்றாள் சித்தி. "மூணு பேரு பத்தல. நாலாவதா ஏ.சி.ய சேத்துக்கிட்டோம்."

நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். சரியான நேரத்தில்தான் போட்டிருக்கிறேன் என்று நம்பினேன். சித்தியின் ஆல்பத்தில் நானும் வாசித்திருக்கிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த அந்த ஒரு நொடியில் அவள் எதை எதையெல்லாம் பார்த்திருப்பாள் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மேலாளர் நாலு பாட்டையும் கேட்டுவிட்டு, விசாவுக்கென்று சித்தியின் பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் ஃபிரிட்ஜைப் போட நான் மறந்திருந்ததால், அம்மா ஒரு வாரத்து மீனைக் குப்பையில் கொட்டினாள்.