கேளாமல் எடுத்த தாடையெலும்பு

என் அக்காள் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. எழுதிப் பழக்கமில்லாத என்னிடம் இந்த நினைவுமலரின் பக்கத்தைக் கொடுத்துவிட்டார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காள் கருங்கல் ஊர்ப் பக்கம் பிறந்தவர்கள். சிறு வயதிலேயே கணவரை இழந்து, சந்தையில் வாழைக்குலை விற்று ஒரே மகளை வளர்த்தார்கள். பசி தெரியாமலிருக்க வெற்றிலையும் புகையிலையும் போட்டுக்கொள்வார்கள். நாடு சுதந்திரம் பெற்ற வருஷம் வாயில் புற்று வந்தது. ஆஸ்பத்திரியில் இடது பக்கத் தாடையெலும்பை எடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அதன்பின் கஞ்சிதான் ஆகாரம். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே சந்தைக்குப் போனார்கள். யாராவது பரிதாபப்பட்டால், "எனக்க நாக்கு அப்படியேதான இருக்கு? விலை பேச அது போரும்" என்பார்கள்.

காடேற்றுச் சடங்கு அன்று சாம்பலில் எலும்புகளைப் பொறுக்கி, கால் முதல் தலை வரை வாழையிலையில் வரிசையாக வைத்தோம். இடது தாடை இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அங்கே ஒரு சந்தனத் துண்டை வைத்து, எல்லாவற்றையும் கன்னியாகுமரிக் கடலில் கரைத்தோம்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு வந்தார். அந்த எலும்பைக் கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கிறார்களாம். அதைப் பார்த்துப் படித்தவர்கள் பலருடைய நோயை முன்னதாகவே கண்டுபிடித்தார்களாம். புதுக் கட்டிடத்தில் அக்காள் படத்தை மாட்டி விழா எடுக்க வேண்டும் என்றார். எல்லா எலும்பும் கடலில் கரைந்தால்தான் ஆத்மா கரைசேரும் என்பார்கள். பாதி வழியில் அக்காள் எங்கே நிற்கிறார்களோ என்று நினைத்தேன்.

அக்காள் மகள் டாக்டரிடம், "அம்மைகிட்ட கேட்டா எடுத்து வச்சிய?" என்றாள்.

"அப்பம் அப்படிக் கேக்குற வழக்கம் இல்லம்மா."

"மூஞ்சிய மறைச்சே வாழ்ந்தவளுக்குப் படமா?"

"மக்கா, எலும்பை வாங்கிக் கடல்ல விட்டிருவோம். எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"கேட்டிருந்தா அம்மை குடுத்திருப்பா மாமா. ஒரு குலையையும் சேத்து அவர் தலையில கெட்டியிருப்பா. எலும்பு அங்க இருக்கட்டு. படம் மட்டும் வேண்டாம்."

டாக்டரும் ஒப்புக்கொண்டார். தெரியாமல் கொடுத்தவர்களையும் ஊரறியக் கௌரவிக்கத்தான் வேண்டும். ஆனாலும் கேட்பதுதான் முதல் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

நோயில் கஞ்சி வைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், சுடுகாடு வரை வந்த உறவினருக்கும், அந்த டாக்டருக்கும் எங்கள் நன்றி. இன்னொன்று. நானும் புகையிலை போடுகிறவன். என் கன்னத்துக்குள் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். எதையாவது வைத்துக்கொள்ளவா என்று கேட்டால் சரி என்பேன். ஆனால் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னோடு வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.