தெருவை வரவேற்பறையாக்கிய கோடைக் குடில்

ஊரிலிருந்து திரும்பிய அன்றே எழுதியிருந்தால் இது வெறும் வசவாக இருந்திருக்கும். அதனால் மூன்று வாரம் ஆறப்போட்டேன். கோபம் ஆறவில்லை. இனியும் காத்திருந்து பயனில்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் தனியாகச் சிறு வீடு ஒன்று எடுத்திருக்கிறேன். திரைச்சீலை என்ன நிறம் என்பதை என்னைத் தவிர யாரும் தீர்மானிக்காத முதல் வீடு. மலைவாசத் தலங்களில் பழைய கோடைக் குடில்கள் இருக்குமே, வெள்ளைச் சுவர், பிரம்பு நாற்காலி, வெயிலில் வெளுத்ததுபோன்ற பருத்தித் துணி, சன்னலை ஒட்டி உட்கார ஒரு பலகை, அந்தப் பாணியில் வீட்டை அமைக்க வேண்டும் என்று பல நாளாக ஆசை. அதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாயிற்று. ஏற்காட்டில் அப்படி ஒரு பங்களாவில் ஓர் இரவு தங்க என் பட்ஜெட் இடம் தரவில்லை. அப்போதுதான் இணையத்தில் இந்த இடம் கண்ணில் பட்டது. மலையில் இல்லை, வெண்ணந்தூரைத் தாண்டி, சமவெளியில், ஒரு நெசவுத் தெருவின் கடைசி வீடு. 'கோடைக் குடில் பாணி, உள்ளூர்த் துணிகள், தெருவே எங்கள் வரவேற்பறை' என்று போட்டிருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று ரசித்தேன். அறை வாடகை காலை உணவோடு 4,800 ரூபாய்.

பிப்ரவரி கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்குத் திருச்சியில் சேலம் பஸ் ஏறினேன். ஏறும்போதே "ராசிபுரம் ஊருக்குள்ள போகுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். டிக்கெட் 125 ரூபாய், மூன்று மணி நேரம். நாமக்கல்லில் பஸ் கால் மணி நேரம் நின்றது.

ராசிபுரத்தில் தங்கவேல் காரோடு காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். முன்பு லாரி ஓட்டியவர். அன்று கொண்டுபோய் விடுவது, மறுநாள் அரை நாள் கூட வருவது, இரண்டுக்கும் சேர்த்து 2,200 ரூபாய் பேசியிருந்தேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக ஏற்காடு மலை ஏறத்தான் வண்டி கேட்பார்கள் என்றும், வெண்ணந்தூர்ப் பக்கம் தங்குவதற்கென்றே வந்த முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னார். பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பது நிமிடம்.

அந்த அறையில் நான் மயங்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. எல்லாவற்றிலும் ஒரே நீலம். ஆனால் திரைச்சீலையில் உள்ளங்கை அகலக் கட்டம், தலையணையில் அதில் பாதி, படுக்கை விரிப்பில் மெல்லிய கோடு மட்டும். நிறத்தை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றியதால் கண் உறுத்தாமல் அலைந்துகொண்டே இருந்தது. சுவர் சுண்ணாம்பு வெள்ளை. பழுப்பு ஏறாத வெள்ளை. சன்னல் பலகையில் மெத்தை, அதன் விளிம்பில் சேலைக்கரை போல ஒரு பட்டை. துணி தெரிந்த ஒருவரின் கை அது. வீடு அமைக்க நினைப்பவர்கள் இந்த ஒரே நிறம், மூன்று அளவு என்கிற வழியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

சன்னலுக்கு வெளியே இடுப்புயர வெள்ளை மர வேலி. வேலிக்குள் கூழாங்கல் பரப்பி, ஒரு வெள்ளை பெஞ்சு, ஒரு விளக்குக் கம்பம். அதற்கு அப்பால் நேராக நீளும் தெரு.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார்கள். பாவு என்றால் சேலையின் நீளவாட்டு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, காய்வதற்குள் நூல் நூலாகப் பிரித்துவிட வேண்டும். இந்த ஊர்த் தெருக்கள் நேராக இருப்பதே இதற்காகத்தான். பாவு கிடக்கும் நேரத்தில் சைக்கிள்கூட உள்ளே வராது. பால்காரர் கேனைத் தார் ரோட்டிலேயே வைத்துவிட்டு நடந்து வந்தார்.

பாவுக்குச் சொந்தக்காரர் மல்லிகா, பக்கத்து வீடு. கணவர் முருகேசன் தெருவின் மறுகோடியில், தார் ரோட்டு ஓரத்தில், கையில் ஒரு சிவப்புத் துண்டோடு நின்றார். அவர் ஏன் வேலை செய்யாமல் அங்கே நிற்கிறார் என்று கேட்டேன்.

"அதக் கேளுங்க அம்மிணி," என்றார் மல்லிகா. கஞ்சி தடவும் தூரிகை நிற்கவில்லை. "போன வருசம் வரைக்கும் நீங்க நிக்கறீங்க பாருங்க, அங்க இருந்து பாவு ஆரம்பிக்கும். இப்ப வேலி வந்துருச்சு, பெஞ்சு வந்துருச்சு. இருவதடி போச்சு. நூலச் சுருக்க முடியுங்களா? அந்தக் கோடி ரோட்டுல போயி உழுகுது. அவரு துண்ட ஆட்டிக்கிட்டு போலீஸு வேல பாக்கறாரு."

பொங்கலுக்கு முன்பு ஒரு பைக் அந்தக் கோடியில் ஏறி, பாவு அறுந்து, ஒரு மாத வேலை போயிருக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டாயிற்றாம். அழகுக்காகத்தானே வைத்திருக்கிறார், கட்டடமா கட்டிவிட்டார் என்று பதில் வந்ததாம்.

நான் திரும்பி அந்த வேலியைப் பார்த்தேன். நான் படித்த கோடைக் குடில்களுக்கும் வெள்ளை வேலி உண்டு. அது வீட்டுக்காரரின் சொந்தத் தோட்டத்தைச் சுற்றி நிற்கும். இது ஊர்த் தெருவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, கூழாங்கல் போட்டு, தோட்டம் என்று பெயர் வைத்திருக்கிறது. சன்னலிலிருந்து பாவு அழகாகத் தெரிய வேண்டும் என்று பெஞ்சு போட்ட மனிதர், அந்தப் பெஞ்சாலேயே பாவை ரோட்டுக்குத் தள்ளியிருக்கிறார்.

ஏழு மணிக்குத் தங்கவேல் வந்து தெருமுனையில் காரை நிறுத்தினார். அவர் பின்னாலேயே பெங்களூரிலிருந்து ஒரு வேன், குடிலில் நடக்கவிருந்த துணி அச்சுப் பயிற்சிக்கு எட்டுப் பேர். வீட்டு உரிமையாளர் தொளதொள லினன் சட்டையோடு வெளியே வந்தார். கடைசிவரை குரல் உயர்த்தவே இல்லை. எனக்கு அதுவே அதிக எரிச்சல்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் தூக்கிப் பிடிச்சுக்குங்க. வண்டி உள்ள வந்துடும்."

"தூக்கிப் புடிக்க இதென்னுங்க பந்தலா? ஈரமா இருக்குது. இப்பச் சுருட்டுனா அத்தன நூலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

முன்கூட்டியே சொல்லியிருந்தால் விருந்தினருக்கு வேறு நேரம் கொடுத்திருப்பேனே என்றார் அவர்.

"எத்தன மணிக்குப் பாவு போடுவோம்னு உங்க போன்லயே எழுதிப் போட்டிருக்கீங்களாமா. வேடிக்க பாக்க வாங்கன்னு. அப்புறம் எங்களக் கேட்டா?"

எதிர்வீட்டுப் பெண் சிரித்துவிட்டார். உரிமையாளர் தெருமுனைக்கு நடந்தார். முருகேசனிடம் பேசுவார் என்று நினைத்தேன். அவரைத் தாண்டிப் போய்த் தங்கவேலிடம் காரை எடுக்கச் சொன்னார். வழியை அடைத்து நின்ற கார் போனால் வேன் பாவின் பக்கவாட்டில் நுழைந்துவிடும். வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம் முழுதும் விலக வேண்டிவரும், அதற்குள் கஞ்சி காய்ந்துவிடும்.

"கியர் உழுகலீங்க," என்றார் தங்கவேல்.

"இப்பத்தானே ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க. இப்பத்தான் உழுகாமப் போச்சு."

உரிமையாளர் என்னிடம் வந்தார். "மேடம், உங்க வண்டிதானே, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு டிசைன் பத்தித் தெரியும். இந்த இடத்தை உருவாக்க நான் எவ்வளவு உழைச்சிருக்கேன்னு புரியும்."

நான் பொதுவாகச் சண்டைக்கு நிற்கிறவள் இல்லை. ஹோட்டலில் சாம்பார் ஆறியிருந்தால்கூட அப்படியே சாப்பிட்டுவிட்டு வருவேன். அன்று நின்றேன்.

"புரியுது சார். ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. வண்டி அங்கயே நிக்கட்டும். நான் இன்னும் காபி குடிக்கல," என்றேன்.

போய் அந்த வெள்ளை பெஞ்சில் உட்கார்ந்தேன். காலை உணவு வாடகையில் அடக்கம் என்பதால் காபியைக் கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை அவரால். கொடுத்தார். ஒரு மணி நேரம் குடித்தேன். வேனில் வந்த எட்டுப் பேரும் ஐந்து நிமிடத்திலேயே இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாவின் ஓரமாக நடந்து வந்துவிட்டார்கள். மொத்தம் நூறு மீட்டர். அவர்களில் ஒருவருக்கும் அதில் சிரமம் இருக்கவில்லை. யாருமே கேட்காத ஒரு வசதிக்காக ஒரு மாத வேலையைச் சுருட்டச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டரைக்குப் பாவு காய்ந்து சுருட்டியாயிற்று. கிளம்பும்போது மல்லிகாவிடம், இதை எழுதப் போகிறேன், இடத்தின் பெயரோடு எழுதப் போகிறேன் என்றேன்.

"பேரு வேண்டாஞ்சாமி. நீங்க எழுதிப்போட்டுட்டு ஊருக்குப் போயிருவீங்க. நாளைக்கும் நாங்க இதே தெருவுலதான் இருக்கோணும். தெருவுல ரெண்டு ஊட்டுக்காரங்க அவருக்கு மேசத்துணி நெய்ஞ்சு கொடுக்கறாங்க. அவங்களுக்கும் நாங்கதான் பதில் சொல்லோணும்."

அதனால்தான் இந்தப் பதிவில் பெயர் இல்லை. கருத்துப் பகுதியில் கேட்காதீர்கள். தங்கவேல், மல்லிகா, முருகேசன் என்பதும் நான் வைத்த பெயர்களே.

அறையின் அழகைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். வீடு அலங்கரிப்பது என்பது எது கண்ணில் பட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான். சன்னலுக்கு உள்ளே அந்த உரிமை நமக்கு முழுதாக உண்டு. சன்னலுக்கு வெளியே இருப்பவர்களையும் திரைச்சீலையோடு சேர்த்து வாங்கிவிட்டதாக நினைக்கும்போது, எவ்வளவு நல்ல ரசனையும் ஆக்கிரமிப்பாகிவிடுகிறது. அவருக்கு ரசனை இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கட்டம் போட்ட பருத்தித் துணி ராசிபுரம் கடைவீதியிலேயே கிடைக்கிறது. நான் ஆறு மீட்டர் வாங்கினேன், மீட்டர் 140 ரூபாய். நீலம் முதல் துவைப்பில் கொஞ்சம் இறங்கும், தைப்பதற்கு முன்பே நனைத்துவிடுங்கள். நெசவுத் தெருக்களுக்குக் காலை எட்டரைக்கு முன்னால் போனால் வண்டியைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடங்கள். யார் வீட்டுப் பாவையும் தொடாதீர்கள்.

போன வாரம் தங்கவேல் போன் செய்தார். அன்று நடந்தது ஊரில் பேச்சானதும் உரிமையாளர் வேலியில் ஒரு வழி விட்டுவிட்டாராம், பெஞ்சையும் ஓரமாகத் தள்ளிவிட்டாராம். இனிப் பாவைப் பழைய இடம் வரை இழுக்கலாம். நான் சந்தோஷப்பட வாயெடுப்பதற்குள் அவர் தொடர்ந்தார்: "சின்னதா ஒரு கதவுங்க மேடம். வெள்ளப் பெயிண்டு. நல்லாத்தான் இருக்குது. பூட்டுப் போட்டிருக்காரு. பாவு போடறதுக்கு மொத நாளு சாயங்காலம் மல்லிகாக்கா போயிக் கேட்டா தொறந்து விடுவாருங்களாம்."

எனவே, இப்படி ஓர் அழகான இடத்தை நீங்கள் முன்பதிவு செய்யும்போது ஏசி இருக்கிறதா, வைஃபை வருகிறதா என்பதோடு இதையும் கேளுங்கள்: தெருவின் சாவி யாரிடம் இருக்கிறது?