வராந்தாவில் துணை நின்ற ஜயம்மா

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். குழந்தை தூங்கின பிறகுதான் எனக்குக் கையும் மனமும் ஒழிகின்றன. நம் மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் ஜயம்மா மாமியைப் பற்றி ஒரு பக்கமாவது வர வேண்டும் என்று சொன்னீர்கள். அவரை என்னைவிட நெடுநாள் அறிந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். இருந்தும் நான் எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டேன். எழுதாவிட்டால் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப்போகிறேன், அவ்வளவுதான்.

செய்தி எனக்கு மைசூர்க் கோர்ட்டு வாசலில் கிடைத்தது. என் விசாரணைத் தேதியை விசாரிக்கப் போயிருந்தேன். வாசலில் பூக்கட்டி விற்கும் புட்டம்மா என்னைக் கண்டதும், "ஜயம்மா ஹோக்பிட்ரம்மா" என்றாள், ஜயம்மா போய்விட்டார் என்று. சனிக்கிழமைதோறும் மாமி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தம்பி வீட்டுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவது வழக்கம். அந்த நினைப்பில், "இன்னுமா திரும்பவில்லை?" என்று கேட்டேன். புட்டம்மா தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை மடியில் இறக்கி வைத்தாள். காய்ச்சலாம். தம்பி வீட்டிலேயே, காவேரிக் கரையிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். அப்போது நல்ல வெயில். ஆனால் அது எதன்மேலும் படாமல் நடுவில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. வக்கீல்களின் கறுப்புக் கோட்டுகள் தண்ணீருக்கு அடியில் போகிறவை போல மெதுவாகப் போயின.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்கோட்டைக் குடும்பம். அகத்துக்காரர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதும், ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டு ஏறினவர். வழக்கு முடிந்தும் அவர் கோர்ட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. பெண்பிள்ளைகள் யாராவது தங்கள் வழக்கின் காகிதத்தைத் தேடித் திகைத்து நின்றால், எந்த ஜன்னலில் கேட்பது, யாரிடம் நகல் மனுக் கொடுப்பது என்று காட்டிக் கூடவே போவார். "வழக்கு தீர்ந்துபோச்சே, இன்னும் ஏன் வரேள்?" என்று ஒரு வக்கீல் கேலி செய்ததற்கு, "வழக்குதான் தீர்ந்தது. இந்த வராந்தா பெஞ்சு என்னோடதாச்சே!" என்றாராம்.

நான் அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது என் குழந்தையின் காகிதத்தைத் தேடிக்கொண்டு. என் கணவர் போன பிறகு, துக்கத்தில் நான் வெளியே வராதிருந்த மாதங்களில், மைத்துனர் கோர்ட்டில் ஏதோ மனுப் போட்டு உத்தரவு வாங்கிவிட்டார். "குழந்தையைக் கோர்ட்டு எங்களிடம் கொடுத்துவிட்டது. பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு வந்ததும் பெங்களூருக்கு அழைத்துப் போவோம்" என்று சொல்லியனுப்பினார். அந்த உத்தரவை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு. ஆவண அறைக் குமாஸ்தா, "மகு ஹெசரேனம்மா?" என்று குழந்தையின் பெயரைக் கேட்டார். "பாப்பு" என்றேன். எழுதிக்கொண்டு உள்ளே போனார். சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. உயரத்து ஜன்னலிலிருந்து ஒளி சரிவாக இறங்கி, தூசியோடு அந்தக் கட்டுகள்மேல் படுத்திருந்தது. உள்ளே எத்தனை குழந்தைகள் தூங்குகின்றனவோ என்று எனக்குத் தோன்றியது. குமாஸ்தா திரும்பி வந்து அந்தப் பேரில் ஒன்றுமில்லை என்றார். மறுபடி போனேன், மறுபடியும் இல்லை. காகிதத்தையே ஒளித்துவிட்டார்களோ என்றுகூடப் பயந்தேன்.

பெஞ்சிலிருந்து ஒரு குரல். "ஏண்டி பொண்ணே, பாப்புன்னு கோர்ட்டுல யாராவது எழுதுவாளா? நாமகரணத்துல என்ன பேர் வெச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாமியார் பேரா?"

தலையை ஆட்டினேன். நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். பேத்திக்குப் பாட்டியின் பெயரை வைப்பார்கள். மருமகள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆகவே பெற்றவள் குழந்தையை வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடுவாள். நானும் பிறந்த நாள் முதல் பாப்பு, பாப்பு என்றே கூப்பிட்டு, அவளுக்கு வேறு பெயர் உண்டு என்பதையே மறந்திருந்தேன்.

"எழுதித் தரட்டுமா, மாமி?"

"பேடா, வேண்டாம். வாயால சொல்லு. நாளைக்கு ஜட்ஜு கேட்டாலும் இப்படித்தான் மாடு மாதிரி தலையை ஆட்டப்போறியா?"

"வேதவல்லி" என்றேன். சொன்ன குரல் யாருடையதோ போலிருந்தது. பெற்றபோது வராத ஒரு வெட்கம் அப்போது வந்தது. மாமி அண்ணாந்து வராந்தா ஓட்டைப் பார்த்தார். "ஓடு ஒண்ணும் தலைல விழல பாரு" என்றார். அன்று சாயங்காலமே கட்டு கிடைத்துவிட்டது.

நகல் கைக்கு வந்த அன்று இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். உத்தரவு ஆங்கிலத்தில். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குப் பி.ஏ. வரை தெரியும், ஆனால் அந்த ஆங்கிலம் நான் படித்ததில் சேர்ந்ததல்ல. ஒரே வாக்கியம் பக்கம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. நான் துண்டு துண்டாகத் தமிழில் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மைத்துனரைக் கார்டியனாக நியமித்திருப்பதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சும்னே அழாதே. எதுக்குக் கார்டியன்னு போட்டிருக்கு?"

"சொத்துக்கு."

"ஆளுக்கு?"

"அப்படின்னா?"

"கார்டியன் ரெண்டு விதம்டி. ஆஸ்தியைப் பார்த்துக்க ஒருத்தர், ஆளைப் பார்த்துக்க ஒருத்தர். கீழே தேடு."

தேடினேன். கடைசிப் பத்திக்கு முன்னால் ஒரு வரி இருந்தது. குழந்தையைத் தம்மிடம் விடும்படி யாரும் கேட்கவில்லை, அது தாயிடமே இருந்து வரும் என்று. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்கு நடந்தபோது சாமராஜபுரம் ரயில் கேட் சாத்தியிருந்தது. வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. கேட் திறந்து எல்லாரும் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் தெரிந்தவர் என்று மாமியைச் சொல்லிவிடாதீர்கள், அவருக்கே பிடிக்காது. ஒரு தடவை மார்டள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், தன் பிள்ளை வழக்கின் தீர்ப்பைத் தேடி. மாமி அவளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக ஏறி, குமாஸ்தாவோடு சண்டை போட்டு, சாப்பாட்டு வேளையும் கழிந்த பிறகுதான், "எந்தக் கோர்ட்டுடி சொன்னே?" என்று கேட்டார். அந்த ஊர் இருப்பது கொள்ளேகால் தாலூகாவில். மைசூருக்குக் கிட்டே இருந்தாலும் அது சென்னை ராஜ்யம். கோர்ட்டு கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது.

"ஏனுங்க, அப்ப நாங்க கோயமுத்தூருக்கா போகோணும்?" என்றாள் அந்தப் பெண், பாவம்.

மாமி தலையில் அடித்துக்கொண்டார். "உன் காகிதம் அங்கே தூங்கறது, நான் இங்கே தாலாட்டுப் பாடிண்டிருக்கேன்!" என்று சிரித்து, அவளுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து, எந்த வழியாகப் போக வேண்டும் என்று விசாரித்துச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். குமாஸ்தாவிடம் போய் மன்னிப்பும் கேட்டார்.

அவர் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தேடினது கூட அல்ல. சேவகன் வராந்தாவில் வந்து பெயரைக் கூவும்போது எழுந்து போகிற பெண்ணுக்குக் கால் தடுமாறும். மாமி எழுந்து அவள் பின்னாலேயே போவார். உள்ளே போய்ச் சுவரோரமாக நிற்பார். ஒன்றும் பேச மாட்டார், சைகைகூடச் செய்ய மாட்டார். "நான் அங்கே சும்மா நிக்கறேன். அவ திரும்பிப் பார்த்தா ஒரு தெரிஞ்ச முகம் இருக்கணும், அவ்வளவுதான்" என்பார். எத்தனையோ பேருக்கு அப்படி நின்றிருக்கிறார். உங்களில் சிலருக்கும் நின்றிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மைத்துனர் புதிதாக ஒரு மனுப் போட்டிருக்கிறார். சொத்துக்கு மட்டுமல்ல, குழந்தைக்கும் தம்மையே கார்டியனாக்க வேண்டும் என்று. தசரா விடுமுறை முடிந்து கோர்ட்டு திறந்ததும் விசாரணை. வக்கீல் நல்லவர்தான், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். நானோ பாதித் தூக்கத்தில் எழுந்து குழந்தையின் மூச்சைத் தொட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு வருகிறேன் என்று மாமி சொல்லியிருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்தேன். காகிதத்தைப் பார்த்தவுடன் அழாமல், எதற்கு, யாருக்கு என்று வரிவரியாகக் கேட்கிற பழக்கம் மிஞ்சியிருக்கிறது. போன வாரம் விசாரணைத் தேதி கேட்கப் போனேனே, அன்று ஒரு சிறு பெண் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நடுங்கினாள். அவள் யாரென்று தெரியாது. என்னை அறியாமலே அவள் பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றேன். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

என் விசாரணையன்று உங்களில் ஒருத்தி வந்து அப்படி நிற்க முடியுமா? பேச வேண்டாம், ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். முடியும், முடியாது எதுவானாலும் சீக்கிரம் எனக்குப் பதில் எழுதுங்கள்.