பங்கு பிரிக்காத குழாய்

எழுதும் அளவுக்குப் படித்தவள் இல்லை நான். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நாக்கு எழாது. குழாய் உடைந்த கதையை எழுத வந்துவிட்டாளே என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழவங்காடியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் வீடு. ஒரே நீள வீடாக இருந்ததை மாமனார் மூன்றாகப் பாகம் வைத்தார். முன்பாகம் கணவரின் அண்ணனுக்கு; அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். நடுப்பாகத்தைக் கொழுந்தனார் விற்றுவிட, இப்போது அங்கே ஒரு மலையாளச் சேச்சி இருக்கிறார். கடைசிப் பாகம் எங்களுடையது. தென்னைக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும்கூடப் பங்கு வைத்தவர்கள், வாசல் மீட்டரிலிருந்து மண்ணுக்கடியில் வரும் ஒற்றைக் குழாயை மறந்துவிட்டார்கள்.

இந்தக் கோடையில் என் வீட்டுத் தண்ணீர் நூலாக மெலிந்து நின்றேபோனது. நான் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். சேச்சி வீட்டில் சொட்டுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து இரண்டு நாள் சமாளித்தேன். மாவு தவறினால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

தண்ணீர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று வீட்டுக் குழாய்களையும் மூடச் சொன்னார். அப்படியும் மீட்டர் சுற்றியது.

"மீட்டர் வரைக்கும் எங்க பாடு. இப்புறம் உங்கட வீட்டுக் காரியம்" என்று சொல்லி ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

அத்தான் என்னைப் பார்த்தார். "உன் வீட்டுல ஏதோ பைப்பு தொறந்து கெடக்கும். போய்ப் பாரும்மா."

அவர் முற்றத்தில் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தார். ஒரு மூலை மட்டும் காயவே காயாது. மாவுப் பாத்திரத்தோடு அந்த வழியாகப் போகும் நான்தான் சிந்துகிறேன் என்பார். துடைத்துவிட்டுப் போவேன். அன்றும் துடைக்கத்தான் குனிந்தேன். துடைத்த இடத்தில் கண்ணெதிரே ஈரம் ஊறியது.

"அத்தான்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "என் வீட்டுல சொட்டுத் தண்ணி வரல்ல. நான் எதைத் தொறந்து போட?"

பக்கத்தில் நின்ற சேச்சி சிரித்துவிட்டார். "மூணு வீட்டு வெள்ளமும் அண்ணன்டெ டைல்ஸாக்கும் குடிக்குது!"

அத்தான் செருப்பைக் கழற்றி அந்த மூலையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தார்.

"மக கல்யாணத்துக்குன்னு போட்டது" என்றார் மெதுவாக.

"உடைக்காண்டாம் அத்தான். மதிலோரமா வேற குழாய் போடலாம்."

"ஓட்டையை அடியில வச்சுக்கிட்டா? நாளைக்கு பிளம்பரை வரச் சொல்லுதேன். குழாயை அப்பாவும் பிரிக்கல்ல, நாமளும் பிரிக்காண்டாம். செலவு மூணு வீட்டுக்கும் பொது."

"டைல்ஸும் பொதுவோ அண்ணா?" என்றார் சேச்சி.

"டைல்ஸு என் பாடு" என்று அத்தானும் சிரித்தார்.

மறுநாள் பிளம்பர் மத்தியானம்தான் வந்தார். நாலைந்து டைல்ஸை உடைத்து, துருப்பிடித்த இணைப்பை மாற்றினார். சாயங்காலம் என் வீட்டில் தண்ணீர் வந்தது. அரிசி ஊறப்போட்டேன்.