கிணற்றடியிலிருந்து மூன்று வயர்

என் வீட்டுக்காரர் முத்துராஜ் பதினான்கு வருஷம் புனலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் செங்கோட்டையில் ரயிலிறங்கி இலத்தூர் வருவார். ஞாயிறு மத்தியானம் சோறு முடிந்ததும் போய்விடுவார். எங்கள் மகள் சத்யபிரியா பள்ளிக்கூடத்தில், "எங்கப்பா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வருவாவ" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுச் சிரித்தவர், மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்தார்.

பட்டறையில் மூலையில் கிடந்த பழைய ஆறடி லேத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். மாட்டுத்தொழுவத்தில் சிமெண்ட் தளம் போட்டு, லேத்தைப் போல்ட் போட்டு இறுக்கினார். ரசமட்டக் குழாயை வைத்துக்கொண்டு மூன்று நாள் அதன் கால்களுக்கு அடியில் தகடு செருகினார். ஒரு டிரில்லிங் மெஷினும் சாணை மெஷினும் வந்தன. தயாராக இல்லாதது கரண்ட் ஒன்றுதான்.

லேத் மோட்டாருக்கு மூன்று பேஸ் வேண்டும். வீட்டில் இருப்பது ஒன்று. மூன்று பேஸ் இழுக்கக் கம்பம் ஒன்று நட வேண்டும் என்று ஈ.பி. ஆபீசில் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். எங்கள் பக்கம் கிணற்று மோட்டாருக்குச் செய்வதுபோல, ஒரு கன்டென்சர் வைத்து வீட்டு லைனில் ஓட்டிப் பார்த்தார். சும்மா சுற்றும்போது சுற்றியது. இரும்பில் உளி பட்டதும் முனகிக்கொண்டு நின்றது. இரண்டாம் தடவை புகை வந்தது. மோட்டாரைத் தென்காசிக்குத் தூக்கிப்போய், கருகிய காயிலை மாற்றிக் கட்டி வந்தார்.

அதன் பிறகுதான் அவர் கண் கிணற்றடிக்குப் போனது. வீட்டுக்குப் பின்னால் எங்கள் வயல். அங்கே என் மாமனார் பெயரில் மூன்று பேஸ் சர்வீஸ். விவசாயத்துக்கு இலவசமாக வருகிற கரண்ட். வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. அது அவருக்கும் தெரியும். "கம்பம் வார வரைக்கும்தாண்டி" என்றார். வாழைக்கு நடுவே மூன்று வயர் தொழுவத்துக்கு வந்தது.

பக்கத்து வயல் பரமசிவன் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "ஏலே முத்து, ஈ.பி.காரன் வந்தா எங்க வாழை லேத் ஓட்டுதுன்னா சொல்லுவ?" என்று கேட்டார். இவர் சிரித்து மழுப்பினார்.

டிராக்டர் பின், கேஜ் வீல் புஷ் என்று சில்லறை வேலைகள் வந்தன. ஆனி பிறந்ததும் குற்றாலத்தில் கரும்புச்சாறு கடைகள் வைத்திருக்கும் ஆசிப், சாறு பிழிகிற தேய்ந்த உருளைகளைக் கொண்டுவந்து இறக்கினார். சீசன் கூட்டம் வரும் முன் வேண்டும் என்றார். அன்று இவர் சாப்பிடும்போது, "இது மட்டும் நல்லா முடிஞ்சா மத்த கடைக்காரனுவளும் இங்கனதான் வருவானுவ. புனலூர் பக்கமே போக வேண்டாம்" என்றார்.

மறுநாள் காற்றில் மரக்கிளை விழுந்து லைன் அறுந்தது. அதற்கடுத்த நாள் காலை இணைத்துவிட்டுப் போனார்கள். நான் கிணற்றடித் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயலில் பரமசிவன் அண்ணாச்சி தன் மோட்டாரைப் போட்டார். சத்தம் வந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை. "பேஸ மாத்திக் கட்டிட்டுப் போயிட்டானுவ" என்று முனகியபடி பெட்டியைத் திறந்து, இரண்டு வயரை இடம் மாற்றினார். தண்ணீர் கொட்டியது. எங்கள் பக்கம் இது புதிதில்லை. பம்பு எதிர்ப்பக்கம் சுற்றினால் தண்ணீர் வராது, அவ்வளவுதான்.

அதே லைனில் ஓடுகிற எங்கள் லேத் அப்படியில்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக், பாட்டில் மூடி மாதிரி மரையில் திருகியிருக்கும். சரியான பக்கம் சுற்றினால் இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்றுவிடும். அவரே எனக்கு ஒருநாள் காட்டியிருக்கிறார்.

ஈரத்துணியோடு தொழுவத்து வாசலுக்குப் போனேன். உள்ளே ஆசிப்பும் இன்னும் இரண்டு ஆட்களும் நின்றார்கள். உருளையை மாட்டி இறுக்கியாகிவிட்டது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அந்த ஆட்களில் ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர்கள் போகட்டும் என்று ஒதுங்கினேன். சுவிட்ச் சத்தம் கேட்டது.

உருளையோடு சேர்ந்து சக் கழன்றது. விழுகிற பொருளைக் கை தாங்கத்தானே போகும். சக்குக்கும் லேத்தின் இரும்புத் தண்டவாளத்துக்கும் நடுவே அவருடைய வலது கை அகப்பட்டுக்கொண்டது.

தென்காசி ஆஸ்பத்திரியில், கை மேல் கல்தூண் விழுந்துவிட்டது என்று அவரே சொன்னார். மூன்று விரலை எடுத்தார்கள். திரும்பி வந்தபோது பரமசிவன் அண்ணாச்சி வயர்களைக் கழற்றி, சுருட்டி, லேத் மேல் வைத்திருந்தார். ஆசிப் உருளைகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்.

ஐப்பசியில் கம்பம் வந்தது. மீட்டரும் மாட்டினார்கள். அடுத்த வாரம் லேத்தை விலைக்குப் பார்க்க அச்சன்புதூரிலிருந்து காமராஜ் என்பவர் வந்தார்.

"கரண்டுதான் வந்துட்டே அண்ணாச்சி, பின்ன ஏன் விக்கிய?" என்றார். இவர் கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். காமராஜை விட்டுச் சக்கைக் கழற்றிவைத்துவிட்டு, சுவிட்சைப் போடும்படி என்னிடம் சொன்னார். போட்டேன். சரியான பக்கம்தான் சுற்றியது.

"எங்கன கொண்டுபோய்ப் போட்டாலும் முதல்ல இப்படி வெறுமனே ஓட்டிப் பாரும்" என்று காமராஜிடம் சொன்னார். "ஈ.பி.காரன் லைன்ல கைவச்சா நம்மகிட்ட யாரும் வந்து சொல்ல மாட்டாவ."

என் கை சுவிட்சில்தான் இருந்தது.

வியாழக்கிழமை லேத்தை ஏற்றினார்கள். புனலூரில் அதே பட்டறைக்கு வாட்ச்மேன் வேண்டும் என்றார்களாம். ஞாயிறு மத்தியானம் சோறு முடிந்ததும் இடது கையில் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாசல் வரைக்கும் கூடவே போனேன். தொழுவத்து வாசல் வரை நான் வந்து நின்றதை அன்றும் சொல்லவில்லை.