எடை குறைந்ததற்குப் பரிசு

குண்டாக இருப்பவர்களை எனக்கு அப்போது பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு டாக்டர் வருகிறார். அவரை நான் எவ்வளவு மட்டமாக நினைக்கிறேன் என்று எழுதப்போகிறேன். படிப்பவர்கள் நான் ஆரம்பத்திலிருந்தே நியாயத்தின் பக்கம் நின்றவள் என்று எண்ணிவிடக் கூடாது. நான் டாக்டரின் பக்கத்தில்தான் நின்றேன். கையில் பென்சிலோடு நின்றேன்.

ஐம்பதுகளின் கடைசி. பெங்களூரில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்படி ஒன்றில், ரேடியோவுக்கு வேண்டிய பாகங்கள் செய்யும் இடத்தில், தொழிலாளர் நலப் பிரிவில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. மல்லேஸ்வரத்திலிருந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் போவேன். இருபத்திரண்டு வயது, தொண்ணூற்றாறு பவுண்டு எடை. அந்த எடையைப் பரீட்சையில் வாங்கிய மார்க் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக நான் செய்தது ஒன்றுமில்லை. வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தாள். அப்பா தினமும் மார்க்கெட்டுக்குப் போய் பீன்ஸும் நூல்கோலும் பொறுக்கி வாங்கி வருவார். நாற்பத்தேழில், அரிசிக்கு ரேஷன் இருந்த நாட்களில்கூட, அவருக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் தயவில் மாதம் ஒரு மூட்டை பின்வாசல் வழியாக வந்து இறங்கியது. பசி என்றால் என்னவென்று தெரியாமலே நான் ஒல்லியாக இருந்தேன். அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்திருந்தேன்.

டாக்டர் மெட்ராஸிலிருந்து வந்தவர். நாற்பது வயதிருக்கும். டென்னிஸ் ஆடுவார், ஆடுவதைவிட அதைப் பற்றி அதிகம் பேசுவார். தொழிற்சாலை மருத்துவமனையில் உட்கார்ந்து விரல் வெட்டுக்கும் தலைவலிக்கும் மருந்து கொடுப்பது அவருக்கு அலுத்துவிட்டது. பெயர் வாங்கும்படி ஏதாவது செய்ய வேண்டும். ஒருநாள் எங்கள் பிரிவுக்கு வந்து மேஜைமேல் உட்கார்ந்துகொண்டார்.

“வைண்டிங் செக்‌ஷன் பொம்பளைங்களைப் பார்த்தியா? சேர் உடைஞ்சிடும் போலிருக்கு. நாக்கைக் கட்டத் தெரியாத ஜனங்க. மூணு மாசத்துல இவங்களை நான் இளைக்க வைக்கறேன் பார்” என்றார்.

நான் சிரித்தேன்.

வைண்டிங் செக்‌ஷன் என்பது தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றும் இடம். முழுக்கப் பெண்கள். காலை எட்டு மணிக்கு பெஞ்சில் உட்கார்ந்தால் கை மட்டும் அசையும், உடம்பு அசையக் கூடாது. கம்பி அறுந்துவிடும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் ஒரு பித்தளை வில்லை வாங்கிக்கொண்டு போக வேண்டும். யார் எத்தனை முறை வில்லை வாங்கினார்கள் என்று வாரம் ஒரு பட்டியல் எங்கள் பிரிவுக்கு வரும். அதை டைப் செய்வதும் நான்தான்.

டாக்டர் பெரிய எடை இயந்திரம் ஒன்றை வரவழைத்தார். ஆண் டாக்டர் பெண்களைத் தொட்டு நிறுத்தக் கூடாது என்று எடை பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அதிக எடை உள்ளவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி கேன்டீன் வாசலில் ஒட்டச் சொன்னார். எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதோடு சாப்பாட்டு முறை ஒன்றும் இங்கிலீஷில் கொடுத்து தமிழில் போடச் சொன்னார். காலையில் ஓர் ஆரஞ்சு, ஒரு முட்டை, வெண்ணெய் தடவாத ரொட்டி. பகலில் இரண்டு சப்பாத்தி, வேகவைத்த காய்கறி. நாலு மணிக்கு ஆப்பிள். இரவு சூப். அரை மணி நேரம் உலாவுதல். ஸ்டென்சில் வெட்டி நூறு பிரதி எடுத்தேன்.

பட்டியலில் முதல் பெயருக்கு உரியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர். பூர்வீகம் வட ஆற்காடு. அவர் கணவர் சுரங்கத்தில் வேலை செய்து, நெஞ்சில் தூசி அடைத்து, வேலைக்கு லாயக்கில்லை என்று வெளியே அனுப்பப்பட்டவர். இருவரும் அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார்கள். எடை நூற்று எண்பத்திரண்டு பவுண்டு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ‘மிஸ்ஸு’ என்பார்.

பேப்பரை ஒருத்தி படித்துக் காட்ட, அவர் முழுவதும் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“மிஸ்ஸு, இதுல நாஷ்டா எது, மருந்து எது?”

“எல்லாமே சாப்பாடுதான். இதைச் சாப்பிட்டா இளைச்சிடுவே.”

“இளைக்கறதுக்கு இவ்ளோ செலவா? ரேஷன் காலத்துல நாங்க சும்மாவே இளைச்சோமே. கேவுரு கூழும் இல்லாம சோளத்தைக் கரைச்சுக் குடிச்சோம். என் இடுப்பை அப்ப ரெண்டு கையில புடிச்சிடலாம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. வாய் அதிகம், அதனால்தான் உடம்பும் அதிகம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போய், அடுத்த கூட்டத்தில் தன் வாக்கியமாகச் சொன்னார்.

கேன்டீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோறு அளவில்லை, கேட்கக் கேட்கப் போடுவார்கள். குழம்பும் அப்படியே. காய் மட்டும் ஒரு கரண்டி, அதற்குமேல் கேட்டால் பரிமாறுபவன் காது கேட்காத மாதிரி அடுத்த தட்டுக்குப் போய்விடுவான். டாக்டர் அங்கே ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அவருக்கு வீட்டிலிருந்து கேரியர் வரும். எனக்கும் வீட்டிலிருந்துதான் வரும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பெண்களுக்குக் காய்கறி சாப்பிடுங்கள் என்று பாடம் எடுத்தோம்.

பிறகு போட்டி அறிவித்தார். மூன்று மாதத்தில் அதிக எடை குறைப்பவருக்கு ஆண்டுவிழா மேடையில் பரிசு. குறைவாகச் சாப்பிட்டதற்குப் பரிசு என்ன தெரியுமா, ஐந்தடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். இதிலுள்ள கோமாளித்தனம் அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் உறைக்கவில்லை, என்னையும் சேர்த்து.

முதல் மாதம் யாருக்கும் பெரிதாகக் குறையவில்லை. இரண்டாவது மாதம் அந்தத் தங்கவயல் அம்மாவுக்குக் குறைய ஆரம்பித்தது. வாரம் மூன்று பவுண்டு, நான்கு பவுண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அவருடைய அட்டையில் எழுதினேன். டாக்டர் அட்டையைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அதே வாரங்களில்தான் வில்லைப் பட்டியலிலும் அவர் பெயர் மேலே ஏறிக்கொண்டே போனது. ஒரு நாளைக்கு ஆறு முறை, எட்டு முறை. எடை அட்டை என் மேஜையின் இடதுபக்கம், வில்லைப் பட்டியல் வலதுபக்கம். இரண்டும் ஒரே உடம்பைப் பற்றியவை என்று எனக்குத் தோன்றவில்லை. சூப்பர்வைசர் புகார் எழுதியதால் அவரைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“ஏம்மா, எட்டு தடவை பாத்ரூம் போறியாமே? வேலைக்கு டிமிக்கி கொடுக்கறியா?”

“தாகம் தாங்கல மிஸ்ஸு. பானைத் தண்ணி பூரா குடிச்சாலும் அடங்கல. குடிக்கிறேன், போறேன்.”

“அப்ப குடிக்காம இரு.”

இதைச் சொன்னவள் நான். எந்த டாக்டரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் ரவிக்கையின் கை தொளதொளவென்று தொங்கியதைப் பார்த்தேன். பரவாயில்லை, உருப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்டுவிழாவில் முப்பத்தொரு பவுண்டு குறைத்ததற்காக அவரை மேடைக்கு அழைத்தார்கள். டாக்டர் பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகப் பேசினார். வசதி இல்லை, நேரம் இல்லை என்று சாக்கு சொல்பவர்கள் இந்தப் பெண்ணைப் பார்க்கட்டும், எல்லாம் வில்பவர், மனுஷனுக்கு அதுதான் வேண்டும் என்றார். அதிகாரிகளின் மனைவிமார்கள் கைதட்டினார்கள். பிறகு, நீயே சொல்லு, எப்படிச் சாதித்தாய் என்று மைக்கை அவர் பக்கம் திருப்பினார்.

“நான் ஒண்ணும் பண்ணல சார்” என்றார் அவர். “எப்பவும் துன்ற மாதிரி சோறுதான் துன்றேன். இப்ப பசி இன்னும் ஜாஸ்தியா கீது. தானா எறங்குது.”

கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். “பாருங்க, எவ்வளவு அடக்கம்” என்றார். மருத்துவம் படித்த மனிதன், தாகம் உண்டா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தாகம், பசி, இளைப்பு என்று மூன்றும் இருக்கும் ஓர் ஆளைத் தோளில் தட்டி டிபன் கேரியர் கொடுத்து கீழே அனுப்பினார். முதல் வருடம் படிக்கும் பையனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

மூன்று வாரம் கழித்து அவர் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தார். கண்டோன்மென்ட் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லீவு ஃபாரத்தில் கையெழுத்து வாங்க என்னை அனுப்பினார்கள். வார்டில் ஒரு லேடி டாக்டர் இருந்தார், வயதானவர், மெதுவாகப் பேசுபவர். சர்க்கரை வியாதி என்றார். கொண்டுவர இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார். எப்போதிலிருந்து இளைத்தார் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நான் கொண்டுபோயிருந்த அவருடைய ஃபைலிலிருந்து எடை அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் ஒவ்வொரு வாரமாகப் படித்தார்.

“இதை யார் எழுதினது?”

“நான்தான்.”

“எழுதிட்டு என்ன பண்ணீங்க?”

“பரிசு கொடுத்தோம்” என்றேன்.

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

படுக்கையில் இருந்தவர் என்னைப் பார்த்து, உட்காருங்க என்று கையைக் காட்டினார். நான் முதல்முறையாக அவரை ‘நீங்க’ என்று கூப்பிட்டேன். என்மேல்தான் தப்பு, நான் கவனித்திருக்க வேண்டும் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்.

“நான் துன்னது நெசம் மிஸ்ஸு. யாரும் வந்து வாயில திணிக்கல. சோறுன்னா எனக்கு உசுரு. பத்து வருசம் கஞ்சி குடிச்சிட்டு, கேன்டீன்ல வெள்ளைச் சோத்தை மலை மாதிரி கொட்டினா, போதும்னு எனக்குச் சொல்ல வரல. அத்த நான் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். டாக்டரு காய் துன்னுன்றாரு. கேன்டீன்காரன் ஒரு கரண்டிக்கு மேல போட மாட்டேன்றான். ரெண்டு பேரும் ஒரே கம்பெனி ஆளுங்கதானே. ஒருநாளாவது ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கினாங்களா?”

எனக்குப் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

டாக்டருக்கு மட்டும் பதில் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை. “நான் முதல்லேயே சொன்னேனே, தின்னா வியாதி வரும்னு. இப்ப பாரு, வந்திருக்கு” என்றார். இளைத்தபோது அவருடைய வெற்றி, விழுந்தபோது அந்த அம்மாவின் குற்றம். இதைவிட வசதியான தராசு எந்தக் கடையிலும் கிடைக்காது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வேலைக்குத் திரும்பினார். காலையில் ஊசியைக் கொதிக்கவைத்து, தானே தொடையில் மருந்து போட்டுக்கொள்ளப் பழகியிருந்தார். சோற்றைக் குறைத்து காயை அதிகம் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறையப் பொரியல் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“உங்க வூட்டுக் காய் எத்தினி நாளைக்கு மிஸ்ஸு? கேன்டீன்ல ரெண்டு கரண்டி போடச் சொல்லுங்க. அது உங்க வேலைதானே.”

குறிப்பு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். நான்காவது குறிப்புக்கு, சோறு தாராளமாக வழங்கப்படுவதால் குறை சொல்ல இடமில்லை என்று கேன்டீன் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. அதற்குள் வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டுவிட்டார்கள். அவர் மேஜையில் எட்டுப் பேர். தினமும் இரண்டு பேர் முறை வைத்து தங்கள் காயை அவர் தட்டில் தள்ளுவார்கள். அவர் சோறு அவர்கள் தட்டுக்குப் போகும். பரிமாறுபவன் முறைப்பான். யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

டாக்டர் அடுத்த வருடம் பதவி உயர்வில் டெல்லிக்குப் போனார். வழியனுப்பு விழாவுக்கு அவருடைய சாதனைகளை டைப் செய்து தர வேண்டியிருந்தது. எடை குறைத்தவர்களின் பட்டியல் என்று ஒரு பத்தி. அதில் முதல் பெயர் அந்த அம்மாவுடையது. அந்த ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டு டைப் செய்தேன். யாரும் கவனிக்கவில்லை. என் வீரம் அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் அந்த அம்மாவுக்குக் கண் மங்கியது. மெல்லிய கம்பி தெரியவில்லை என்று பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வேண்டாம் என்று முதலில் அழுதவர், ஆறு மாதம் கழித்து ஒருநாள் என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் மருந்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம்.

“நடக்கறதால நல்லா கீதாம் மிஸ்ஸு. அங்க எட்டு மணி நேரம் குந்தவச்சதே தப்புன்றாங்க” என்றார்.

வைண்டிங்கில் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில், அதே எட்டு மணி நேரத்துக்கு, வேறொரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். தங்கவயலிலிருந்து புதிதாக வந்தவள், மெலிந்த உடம்பு. எடை இயந்திரத்தை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டதால் அவளுக்கு எடை பார்க்கவில்லை.