மேலே போய்க்கொண்டே இருந்தது

தூரம் என்ற ஒன்றை மனிதகுலம் அடியோடு ஒழித்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் மூக்கைச் சொறிந்தால் இந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரிகிறது. இனி மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே எதுவுமே கிடையாது... ஹாலில் டி.வி.க்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ரவுட்டரைத் தவிர.

இது நடந்தது. ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை. சொன்னவர் அந்த வீட்டு அம்மாள். அவர் பொய் சொல்லும் வழக்கமே இல்லாதவர். அந்த இலாகாவை முழுசாகக் கணவரிடம் ஒப்படைத்திருந்தார்.

பேய் என்றால் நடுராத்திரி, மழை, கரண்ட் கட் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். அது வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானம். கரண்ட் இருந்தது. நெட்தான் இல்லை.

அம்மாளின் கணவரை எல்லோரும் ஜி.எம். என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் ஜெனரல் மேனேஜராக இருந்தவர். கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. பதவி அங்கேயே நின்றுவிட்டது. பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. லிஃப்டில் யாராவது விசாரித்தால், "கன்சல்டிங் பண்றேன்" என்பார். யாருக்கு என்று அவர்கள் கேட்பதற்குள் அவருடைய மாடி வந்துவிடும்.

எட்டு மாதத்தில் வந்த ஒரே நேர்முகத் தேர்வு அன்றைக்குத்தான். மூன்று மணிக்கு, வீட்டிலிருந்தபடியே, வீடியோவில். ஏற்பாடு செய்தது அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. காலையிலேயே போன் பண்ணிக் கண்டிஷனாகச் சொல்லிவிட்டான்.

"மாமா, இதுக்கு மேல எனக்கு ஆள் தெரியாது. நடுவுல லைன் கட்டாச்சுன்னா அவங்க திரும்பக் கூப்பிட மாட்டாங்க. அடுத்த ஆளைப் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"நான் பாக்காத மீட்டிங்கா மாப்ளே?"

"நீங்க பாத்திருக்கீங்க மாமா. உங்க நெட்டு பாத்திருக்கா?"

ஜி.எம். மேசையைச் சுவரோரம் போட்டார். கேமராவில் பின்னால் தெரியும் இடத்தில், பிரிக்காத புத்தகங்களாகப் பார்த்து அலமாரியில் அடுக்கினார். ஆபீஸிலிருந்து கிளம்பும்போது கேட்டு வாங்கிக்கொண்டு வந்த உயரமான முதுகு வைத்த நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அறைக் கதவை விரியத் திறந்து வைத்தார். கதவைத் திறந்து வைத்தால் நெட் நன்றாக வரும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

இரண்டரைக்கு ஒத்திகை பார்த்தார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் அவர் முகம் வந்தது. வந்த வேகத்தில் உறைந்தது.

உறைந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அவருக்குச் சிரித்ததாக ஞாபகமில்லை.

"ஏங்க, ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று மனைவி எட்டிப் பார்த்தார்.

"எனக்கே சொல்லித் தர்றியா? ஒரு ஃபேக்டரியையே ஆட்டோமேட் பண்ணவன் நான்."

"ஆமா. கடைசில உங்களையும் சேர்த்து ஆஃப் பண்ணிட்டாங்க."

சொல்லிவிட்டு, தன் செல்போனையும் அணைத்துக்கொண்டு, பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சாத்திய சத்தத்தில் கொஞ்சம் பிரார்த்தனையும் இருந்தது. எட்டு மாதமாக அந்த வீட்டை இழுத்துக்கொண்டு போவது அவர் ஒருவர்தான்.

ஜி.எம். ஆஃப் பண்ணிவிட்டு ஆன் பண்ணினார். யாரும் பார்க்காதபோது.

பலனில்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். அவருடைய அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பாட்டு நெடுநேரம் நம்ப வைத்தது. கடைசியில் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார், சொல்லுங்க."

"நான் ஜெனரல் மேனேஜர் பேசுறேன்."

"எந்த நம்பர் சார்?"

பதவியை எழுத அவள் திரையில் கட்டம் இல்லை. நம்பரைச் சொன்னார். கீபோர்டு தட்டும் சத்தம். தும்மல்.

"உங்க லைனை இங்கேருந்து பாக்குறேன் சார். கீழ வர்றது நல்லா இருக்கு. மேல போறதுதான் பிரச்சினை."

"மேல போறதா?"

"ஆமா சார். உங்க வீட்லேர்ந்து ஏதோ மேல போய்க்கிட்டே இருக்கு. அது நின்னாதான் நீங்க போக முடியும்."

"நான் இப்போதைக்குப் போறதா இல்லம்மா."

"அப்லோடைச் சொன்னேன் சார்," என்றாள் அவள், சிரிக்காமல். "வீட்ல என்னென்ன கனெக்ட் ஆகியிருக்கோ எல்லாத்தையும் ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

டி.வி.யை அணைத்தார். பழைய டேப்லட்டை அணைத்தார். அறைக்குள் போய் லேப்டாப்பின் வைஃபையைத் துண்டித்தார். மூடாமல் அப்படியே வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார். எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. பேசிக்கொண்டிருந்த போன் வேறு கம்பெனி சிம், வைஃபையில் இல்லை.

"இப்ப?"

"இன்னும் போகுது சார்."

"எல்லாம் ஆஃப்ம்மா."

"பக்கத்து வீட்டுக்குப் பாஸ்வேர்டு குடுத்திருக்கீங்களா?"

"நான் யாருக்கும் எதையும் குடுக்கிறதில்லை," என்றார் ஜி.எம். வாழ்க்கையில் அவர் சொன்ன முழு உண்மைகளில் அது ஒன்று.

மணி 2:56.

ரவுட்டர், டி.வி. ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது. சட்டை, டையோடு தரையில் மண்டி போட்டார். கன்னத்தைச் சுவரில் ஒட்டி உள்ளே பார்த்தார். பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. சும்மா மின்னும் விளக்கு இல்லை அது. ஒரு ஒழுங்கோடு... நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கி...

யாரோ பேசுவதுபோல.

"சார், அங்க யாராவது வீடியோ கால் பேசுறாங்களா?"

"நான்தான் பேசணும். இன்னும் தொடங்கவே இல்லை."

"இப்ப தொடங்கிடுச்சு சார்."

மணி பார்த்தார். சரியாக மூன்று.

"லைன் மொத்தத்தையும் அது எடுத்துக்கிச்சு," என்றாள். "சார், ஒண்ணு பண்ணுங்க. பின்னாடி மெல்லிசா ஒரு மஞ்சள் கேபிள் இருக்கும். அதுலதான் நெட்டே வருது. அதைக் கழட்டுங்க."

கழற்றினார்.

"கழட்டிட்டீங்களா?"

"கையில வச்சிருக்கேன்."

அவள் வேகமாகக் கீபோர்டைத் தட்டினாள். தும்மக்கூட இல்லை.

"சார்... நிஜமாவே கழட்டிட்டீங்களா?"

"கேபிள் என் கையில இருக்கும்மா!"

"இங்க இன்னும் போய்க்கிட்டே இருக்கு சார்."

ஜி.எம். விளக்கைப் பார்த்தார். பச்சை. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி...

பக்கத்தில் ஒரு கிரீச்.

திரும்பினார். திறந்த கதவு வழியே அறை தெரிந்தது. மேசை சுவரோரம். நாற்காலியின் உயரமான முதுகு இவர் பக்கம். அதில் யாராவது உட்கார்ந்திருந்தாலும் இங்கிருந்து தெரியாது. கம்பெனியில் அந்த நாற்காலியை வாங்கியதே அதற்காகத்தான். ஆபீஸில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியக் கூடாது.

நாற்காலி லேசாக ஆடியது.

ஃபேன் காற்று என்று சொல்லிக்கொண்டார்.

அந்த அறையில் ஃபேனைப் போடவில்லை. சத்தம் மைக்கில் கேட்கும் என்று அவரே அணைத்திருந்தார்.

"சார், உங்க குரல் எனக்கு ரெண்டா கேக்குது."

"எக்கோவா இருக்கும்."

"எக்கோ பின்னாடி வரும் சார்..." அவள் குரல் மெலிந்தது. "இது முன்னாடி வருது."

"என்னம்மா சொல்றே?"

"இப்ப 'என்னம்மா சொல்றே'ன்னு கேட்டீங்கல்ல... அதுக்கு முன்னாடியே ஒரு தடவை கேட்டுது."

ஜி.எம். கேபிளின் நுனியைப் பார்த்தார். எதிலும் மாட்டியிருக்கவில்லை.

"ஸ்விட்சையே ஆஃப் பண்ணிடுங்க சார். பிளக்கைப் பிடுங்குங்க."

பிடுங்கினார். விளக்குகள் வரிசையாகச் செத்தன. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது துடித்தது.

பிளக் தரையில் கிடந்தது.

விளக்கு துடித்தது.

"சார்," என்றாள், கிசுகிசுப்பாக. "அது என் பேரைக் கேக்குது."

"யாரு?"

"நீங்க. இன்னொரு நீங்க."

ஜி.எம். போனைக் காதோடு அழுத்தினார்.

"இவ்வளவு நேரமா நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே சார்."

கட்.

மறுபடி அடித்தார். பாட்டுதான் வந்தது.

எழுந்திருக்க நினைத்தார். எழுந்திருக்காமல், அதே நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தார். அறைப் பக்கம் பார்க்காமல் இருந்தார். பார்க்காமல் இருக்கத் தனியாக முயற்சி வேண்டியிருந்தது. கழுத்தின் பின்பக்கம், டை முடிச்சுக்கு நேர் எதிரே, யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு குளிர்...

விளக்கு நின்றது.

மணி 3:41.

மெல்ல அறைக்குப் போனார். யாரும் இல்லை. லேப்டாப் மூடியிருந்தது. வேலை முடிந்தவர்கள் மூடுவதுபோல, ஓசையில்லாமல், நேராக.

நாற்காலியில் கை வைத்தார்.

சூடாக இருந்தது.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. மனைவி வந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. அந்தச் சிரிப்பை ஜி.எம். பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"சுவர் வழியா எல்லாம் கேட்டுச்சு," என்றார். "ரொம்ப நல்லா பேசினீங்க."

"நானா?"

"எட்டு மாசமா வேலை இல்லைன்னு ஒளிக்காம சொன்னீங்க பாருங்க... நான் எதிர்பார்க்கவே இல்லை. அதுக்கு மேல, ஏதோ கேட்டதுக்கு 'எனக்குத் தெரியாது, கத்துக்கிறேன்'னு சொன்னீங்களே. கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதில்லைங்க."

ஜி.எம். ஹால் பக்கம் கை காட்டினார்.

"நான்... ஹால்ல இருந்தேன்."

"போங்க. விளையாட்டு." அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

மாலையில் மச்சான் போன் வந்தது.

"மாமா! அசத்திட்டீங்க! வேலை உங்களுக்குத்தான். இந்த மாதிரி அடக்கமான மனுஷனை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னு என்னைக் கேக்குறாங்க. நானும் அதையேதான் யோசிச்சுட்டிருக்கேன்."

ஜி.எம். வாயைத் திறந்தார். எதைச் சொல்வது? நான் இல்லை என்றா? எட்டு மாதத்துக்கு அப்புறம் கிடைத்த வேலையை எந்த மனுஷன் அப்படி வேண்டாம் என்பான்? வாயை மூடிக்கொண்டார்.

"படம்கூட ஒரு இடத்துலயும் நிக்கலையாம். அவ்வளவு தெளிவாம். வீடியோவை எனக்கும் அனுப்பினாங்க. ஆனா ஒரு விஷயம் மாமா..." அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பின்னாடி கதவு வழியா ஹால்ல ஒரு ஆள் மண்டி போட்டு ரவுட்டரோட மல்லுக்கட்டிட்டிருந்தானே, யார் அவன்? மேனேஜிங் டைரக்டரே கேட்டாரு. நீங்க திரும்பிப் பாத்துட்டு, 'நெட்டு சரி பண்ண வந்தவர், பாவம், அவருக்கும் ஒண்ணும் தெரியல'ன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. டை கட்டின டெக்னீஷியனை நான் இப்பதான் மாமா பாக்குறேன்."

மச்சான் அனுப்பிவைத்த அந்த வீடியோவை ஜி.எம். ஒரே ஒரு தடவை பார்த்தார். மனைவியும் கூட இருந்தார். நாற்பது நிமிஷம். நாற்காலியில் இருப்பவர் நிதானமாகப் பேசுகிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். நடுவில் யாரையும் வெட்டிப் பேசவில்லை. பின்னால், சின்னதாக, ஒரு ஆள் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோடு கத்திக்கொண்டிருக்கிறான்.

நாற்காலியில் இருப்பவர் நாற்பது நிமிஷமும் கண் இமைக்கவில்லை.

அம்மாள் அதற்கப்புறம் அந்த அறைக்குள் தனியாகப் போவதில்லை. ஆனாலும், சில சமயம், சுவரில் காது வைத்துக் கேட்பதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார்.

ஜி.எம். வேலையில் சேர்ந்தார். புது ஆபீஸ் வாசலில் ஆள் முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. முதல் நாள் காலை எட்டே முக்காலுக்கு அதன் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். மெஷின் அவர் முகத்தை அடையாளம் கண்டுகொண்டது. பெயரையும் பதவியையும் சரியாகக் காட்டியது. கதவை மட்டும் திறக்கவில்லை.

வாசல் காவலர் திரையை எட்டிப் பார்த்தார்.

"சார், நீங்க எட்டரைக்கே உள்ள போயாச்சு சார்."

கம்ப்யூட்டர் ஆட்கள் வந்து பார்த்தார்கள். மெஷினையே மாற்றினார்கள். தினமும் அதே கதைதான். கடைசியில் எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். அவர் இன்றுவரை கழுத்தில் 'விசிட்டர்' அட்டையை மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்.